நான்காம் நிலைக் குற்ற உணர்வு

பாப்பா படிக்கும் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. நல்ல கட்டடம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வாசலில் நிற்கும் காவலாளி எல்லாரையும் சார் என்பார், என்னைக்கூட. ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அந்தப் பள்ளிக்கூடம் திடீரென்று சர்வதேசம் ஆகிவிட்டது, அவ்வளவுதான் என் குறை.

கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு இனிமேல் இரண்டு வழி என்றார்கள். ஒன்று பழைய வழி. புத்தகம் இருக்கும், பாடம் நடத்துவார்கள், பரீட்சை வைப்பார்கள். இன்னொன்று சர்வதேச டிப்ளமா. அதில் என்ன இருக்கும் என்று விளக்குவதற்காகப் பெற்றோர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாப்பாவின் அப்பா, அதாவது என் அண்ணன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நான் அதில் இரண்டாவது மாஸ்டர். அண்ணிக்கு மருந்துக்கடையில் அன்றைக்கு முழு நாள் வேலை. ஆகவே கூட்டத்துக்கு அண்ணனோடு நான் போனேன்.

மேடையில் டிப்ளமாவின் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் நின்றிருந்தார். மைக்கைக் காதில் மாட்டியிருந்ததால் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. அந்தக் கைகளால் பேச்சு முழுவதும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தார். உலகம் என்று பிறகு புரிந்தது.

"இங்க நாங்க பதில் சொல்லித்தர மாட்டோம்," என்றார். "கேள்வி கேக்கத்தான் சொல்லித்தருவோம்."

கைதட்டல் அடங்கியதும், முன்வரிசையில் இருந்த ஓர் அப்பா எழுந்து, கணக்குக்கு டீச்சர் கிடைத்துவிட்டாரா என்று கேட்டார். அம்மையார் கண்ணை மூடி அந்தக் கேள்வியை நன்றாக ரசித்துவிட்டு, அருமையான கேள்வி என்றார். இந்த டிப்ளமாவை எந்தக் கல்லூரியில் ஒத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் கேட்டார். அது அதைவிட அருமையான கேள்வி. கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவசரமே இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக யோசியுங்கள் என்று பதில் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணனைத் திரும்பிப் பார்த்தால் மனிதர் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. எங்கள் தொழில் அப்படி. எங்களிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் எங்கேயோ போகப் போகிறவர்கள். ஒருத்தி மேற்படிப்புக்கு வெளிநாடு போவாள், ஒருவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கும். அவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் மட்டும் அதே மைதானத்தில், அதே நான்கு கம்பங்களைச் சுற்றிக்கொண்டிருப்பார். சர்வதேசம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குக் கம்பமே இல்லாத ஒரு ரோடு தெரிந்திருக்க வேண்டும்.

பாப்பா வேண்டாம் என்றாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். லைசென்ஸ் டெஸ்ட்டில் பல தடவை தோற்ற ஒருவர், விளையாட்டாக, நான் பாஸ் பண்ணிவிடுவேனா பாப்பா என்று கேட்டதற்கு, இந்த வாரம் கஷ்டம் என்று சொன்னவள். அண்ணன் புதுச் சட்டை வாங்கிவந்து எப்படி இருக்கிறது என்றால், பரவாயில்லை, வெளியே மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பாள். அண்ணனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஊரில் யார் எதைச் சொன்னாலும் கடைசியாக இவளிடம் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்.

"எனக்குக் கணக்குப் பிடிக்கும்பா," என்றாள் பாப்பா. "தப்புன்னா தப்புன்னு அதுவே சொல்லிடும். பழைய வழியிலயே இருந்துக்கறேன்."

அவதான் சொல்றாளே, விடுங்களேன் என்றார் அண்ணி. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் பள்ளிக்கூடம் இதையெல்லாம் எதிர்பார்த்து, பெற்றோர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்திருந்தது. டிப்ளமாவைப் பிள்ளைகள் தாங்களாகவே தேர்ந்தெடுக்க வேண்டும், யாரும் திணிக்கக் கூடாது, அதுதான் சட்டம். ஆகவே பிள்ளைகள் தாங்களாகவே தேர்ந்தெடுப்பதற்குப் பெற்றோர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் கற்றுக்கொடுத்தார்கள். அண்ணன் கவனமாகக் கேட்டு வந்து எனக்குச் சொன்னார். பிள்ளை வேண்டாம் என்றால் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தமாம். சரி என்றால் தேர்ந்தெடுத்துவிட்டது என்று அர்த்தமாம். அதுவரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டுமாம்.

எங்கள் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்காக அப்படி உட்கார்ந்து பழகியவருக்கு இந்தப் பயிற்சி புதிதே அல்ல. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடும்போது பெருமூச்சு விட்டார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களின் படங்களைப் பாப்பா பார்க்கிற மாதிரி பார்த்தார். கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது, உலகம்தான் ஓடிப்போய்விடும் என்றார். கடைசியில் ஒரு நாள் பாப்பா, சரி சேர்ந்து தொலைக்கிறேன் என்றாள். அதிலிருந்து 'சேர்ந்து' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்துவிட்டார்.

எடுத்த எடுப்பில் டிப்ளமாவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் முன்னோட்டம். அதில் தேறினால் தேர்வுக் குழு, அதற்குப் பிறகுதான் படிப்பு. முன்னோட்டத்தின் முக்கியமான பகுதி சேவை. உதவி தேவைப்படுகிற ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்கு உதவி செய்து, அதனால் தான் எப்படி மாறினேன் என்று மாணவர் எழுத வேண்டும். அந்த ஆள் மாறினாரா என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

இதில் யாரும் யோசிக்காத ஒரு சங்கடம் வந்தது. எங்கள் பகுதியில் உதவி தேவைப்படுகிறவர்கள் தீர்ந்துபோனார்கள்.

முதியோர் இல்லத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெரியவருக்கு இந்தப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வீடியோ கால் பேசச் சொல்லிக்கொடுத்ததில், அடுத்து பச்சைப் பட்டனை அழுத்தும்மா என்று அவரே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மாவைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் போய், கொஞ்ச நேரம் அறைக்குள் விடுங்களேன் என்று அவர் அழுதார். அதையும் ஒரு பையன் எழுதிக்கொண்டான். தெருநாய்கள் குளித்துக் குளித்துச் சளி பிடித்துத் திரிந்தன. பாப்பா போய்க் கேட்ட இடத்தில் எல்லாம் அடுத்த மாதம் வாம்மா என்றார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. உதவி தேவைப்படுகிறவர் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மையாரே சொல்லியிருக்கிறாராம், உலகம் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறதாம். அப்படியானால் நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். உங்களுக்கு என்ன தேவை என்று அண்ணி கேட்டார். அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார். கண் நன்றாகத் தெரிகிறது, போன் என்னைவிட நன்றாகப் பார்ப்பார், கை கால் எல்லாம் திடமாக இருக்கிறது. கடைசியில், ரோட்டைத் தாண்ட எனக்குப் பயம் என்று வைத்துக்கொள்வோம் என்றார்.

"நீங்க டிரைவிங் மாஸ்டர்பா," என்றாள் பாப்பா.

"அவங்களுக்குத் தெரியாது. தொழில்ங்கிற இடத்துல போக்குவரத்துன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

மார்க்கெட் சிக்னலில் வைத்துத்தான் அது நடந்தது. ஆதாரம் வேண்டும் என்பதால் படம் எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் தன் வாழ்நாளில் இப்படி நடித்து நான் பார்த்ததில்லை. சைக்கிள் வந்தால் பின்வாங்கினார். ஹாரன் கேட்டால் தோளை ஒடுக்கினார். முதல் படங்களில் முகத்தில் பயம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். திரும்பவும் தாண்டினார்கள். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடியே நடந்தாள். அவளைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது, ஆனாலும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிக்னலில் நின்ற வண்டி ஒன்றில் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் அம்மா உட்கார்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தனக்கு ரோடு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், ரோட்டைத் தாண்டப் பயந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். மறுநாள் அந்த அம்மா வந்து, மாஸ்டர் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிகவும் கனிவாகச் சொல்லிவிட்டு வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டார். அவர் கனிவை ஆஸ்பத்திரியில் நாலு பேரிடம் பகிர்ந்துகொண்டதில் இன்னும் சிலர் போனார்கள். போகட்டும், பாப்பா படிப்புக்காக என்றார் அண்ணன்.

அப்பாவை ரோடு தாண்டிவிட்டேன், அவருக்கு ஏற்கெனவே தாண்டத் தெரியும் என்று பாப்பா எழுதிக் கொடுத்தாள். உணர்ச்சி போதவில்லை என்று திரும்பி வந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினாள். என் அப்பா டிரைவிங் மாஸ்டர், இதெல்லாம் நடிப்பு, எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள், எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எங்களிடமும் சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே போனால் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் எழுந்து நின்று பாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு அழகான குற்ற உணர்வு," என்றார்.

நாங்கள் உட்கார்ந்தோம். அம்மையார் விளக்கினார். குற்ற உணர்வில் நான்கு நிலைகள் இருக்கின்றன. தப்புச் செய்துவிட்டேன் என்பது முதல் நிலை, அது எல்லாருக்கும் வரும், அதற்கு மார்க் கிடையாது. அதனால் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று பார்ப்பது இரண்டாம் நிலை. பாப்பா இப்போது அங்கே இருக்கிறாள். அந்த உணர்வை உலகத்தோடு இணைத்துப் பார்ப்பது மூன்றாவது. அந்த உணர்வுக்கு நன்றி சொல்வது நான்காவது. நான்காம் நிலையை இந்தப் பள்ளியில் இதுவரை யாரும் தொட்டதில்லை, இந்தக் குழந்தை தொடுவாள் என்று தனக்குத் தெரிகிறது என்றார்.

இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதியிருக்கிறேனே, அது என்ன நிலை என்று பாப்பா கேட்டாள். அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார் அம்மையார். அது கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறதாம்.

நடிப்பு தப்பில்லையா மேடம் என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மையார் கண்ணை மூடினார். என் கேள்வியும் அருமையான கேள்வி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா என்னிடம் தனியாகச் சொன்னாள், தேர்வுக் குழு முன்னால் முழு உண்மையையும் சொல்லப் போகிறேன் சித்தப்பா, அதற்குமேல் அவர்களே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. உண்மை பேசி ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

குழுவில் முதல்வர், ஒருங்கிணைப்பாளர் அம்மையார், வெளியிலிருந்து வந்த ஒரு பார்வையாளர். பெற்றோர்கள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து எதுவும் பேசாமல் இருக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று முதல்வர் கேட்டார்.

"நான் தேர்ந்தெடுக்கல," என்றாள் பாப்பா. "எங்க அப்பாதான் கட்டாயப்படுத்தினார். எனக்கு இதுல விருப்பம் இல்ல. விருப்பம்னு பொய் சொல்லச் சொன்னாங்க. எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வருத்தம் என்று நினைத்தேன், நெகிழ்ச்சியாம்.

முதல்வர் எழுந்துவிட்டார். "கட்டாயப்படுத்தப்பட்டோம்னு தெரிஞ்சும் நீ இந்த அறைக்குள்ள நடந்து வந்திருக்க. இதைவிடச் சுதந்திரமான தேர்வு எது? விருப்பத்தோட வர்ற பிள்ளைங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா. விருப்பம் இல்லாம, அதை இவ்வளவு தெளிவா உணர்ந்து வர்ற பிள்ளைதான் எங்களுக்கு வேணும்."

அங்கேயே தேர்வாகிவிட்டாள். முதல் மாணவி.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அம்மையார் அண்ணன் பக்கம் திரும்பி, நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, வேண்டாம் என்றால் இப்போதே ஒரு வார்த்தை சொல்லுங்கள், குழந்தை நாளையே பழைய வகுப்பில் உட்காரலாம் என்றார். வாயால் சொன்னால் போதும். பாப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சலாகப் பார்க்கவில்லை. பொய் சொல்லாத மனிதரைப் பார்க்கிற மாதிரி, பதிலுக்குக் காத்திருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த உலக வரைபடத்தைப் பார்த்தார்.

"தொடரட்டும் மேடம்," என்றார்.

காருக்குப் போகும் வழியில், ஒரு வருடம் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் மைதானத்தில் என்னிடம், தப்புப் பண்ணிட்டேன்டா, அவ என்னைப் பாத்தப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கணும் என்றார். நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லலாம் என்றார். அந்தச் சொல்லலாமிலேயே அந்த வருடம் போயிற்று.

பாப்பா கெட்டிக்காரி, எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்வாள். கணக்குப் போடுகிற வேகத்தில் உணர்ச்சிகளைப் போட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வருகிற வாரத்துக்கான ஏமாற்றத்தையும் புரிதலையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவாள். அண்ணி சமைத்ததை நன்றாக இல்லை என்று ஒதுக்குவதை விட்டுவிட்டாள். இதில் அம்மாவுடைய உழைப்புத் தெரிகிறது என்பாள். அண்ணி கரண்டியோடு நின்று யோசிப்பார், உப்புக் கூடவா குறைவா என்று கடைசிவரை தெரியாது. அண்ணன் ஒரு நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வழக்கம்போல அவள் முன்னால் நின்றார். இந்த நிறம் உங்கள் தன்னம்பிக்கையைக் காட்டுகிறது அப்பா என்றாள். அண்ணன் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த வருடப் பெற்றோர் கூட்டத்தில் பாப்பாவைப் பேசச் சொன்னார்கள். பள்ளியின் முதல் நான்காம் நிலை அவள்தான். இந்தத் தடவை அவள் காதில் மைக். சிக்னலில் அப்பாவின் கையைப் பிடித்ததைச் சொன்னாள். தன் மதிப்பெண்ணுக்காக ஒரு மனிதர் தன் தொழிலின் கௌரவத்தையே ரோட்டில் விட்டதைச் சொன்னாள். அந்த இடத்தில் நிறுத்தினாள். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டுமோ அவ்வளவு நேரம். பிறகு, அந்தக் குற்ற உணர்வுக்கு நான் நன்றி சொல்கிறேன், அது இல்லாமல் நான் இல்லை என்றாள். ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சியது. அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, இந்தப் பேச்சுக்கு எங்கே கோச்சிங் போனாள் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

திரும்பி வரும்போது அண்ணன்தான் ஓட்டினார். பக்கத்தில் பாப்பா, பின்னால் நான். மார்க்கெட் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார்.

"பாப்பா, அன்னிக்கு அந்த ரூம்ல நீ என்னைப் பாத்தப்ப நான் வாயத் திறந்திருக்கணும். பயந்துட்டேன். நீ எங்கயும் போகாம போயிடுவியோன்னு பயம். தப்பு என்னோடதுதான். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, நாளைக்கே போயி நிறுத்திடலாம். உனக்கு வேண்டாம்தானே?"

ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். பாப்பா அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். நிதானமாக, ஒருங்கிணைப்பாளர் அம்மையார் எங்களிடம் பேசிய அதே கனிவோடு பேசினாள்.

"இதை நீங்க சொன்னது எனக்கு ரொம்ப முக்கியம்பா. ஆனா நீங்க இன்னும் முதல் நிலையிலதான் இருக்கீங்க. உங்களையே போட்டு வருத்திக்காதீங்க. எனக்கு இந்தப் படிப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல."

சொல்லிவிட்டு அழகாகச் சிரித்தாள். அண்ணன் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எங்கே எதைத் தேடுவது என்று தெரியாமல் பார்த்தார். பிறகு கண்ணாடியில் என் கண்ணைப் பிடித்தார். இத்தனை வருடமாக அவளிடம் கேட்டு மற்றவர்களை நம்பியவர், இப்போது அவளைப் பற்றி என்னிடம் கேட்கிறார்.

"நெஜமாத்தான் சொல்றாளாடா?"

பாப்பாவும் திரும்பி என்னைப் பார்த்தாள், அதே சிரிப்போடு.

ஆமாண்ணா, நெஜமாத்தான் சொல்றா என்றேன். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அந்தக் காரில் பொய் சொன்னது நான் ஒருவன்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.